கதவு எண் இருபத்தேழு

நாணற்குடி நகராட்சியில் நாற்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். நாற்பத்தொரு பேரும் நல்லவர்கள். கை நீட்டிக் காசு வாங்கியதில்லை, மேசையில் தலை வைத்துத் தூங்கியதில்லை. மேலிடத்துக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓர் எழுத்துக் குறையாமல் செய்வார்கள். ஊர் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் இதுதான்.

ஒருமுறை, குப்பைத்தொட்டிகளை எப்போதும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு காவலாளி. குப்பை கொண்டு வந்தவர்களை விரட்டி அடித்தார்கள். பதினெட்டுத் தொட்டியும் பளபளவென்று இருந்தன. தெருவைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

நாற்பத்தொரு பேரில் நான்கு பேரைத் தெரிந்துகொண்டால் இந்தக் கதைக்குப் போதும். ஆணையர் திருமேனிநாதன் ஒருவர். கணக்கர் குப்புராஜ் ஒருவர். எந்தக் கட்டடம் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று பார்ப்பவர் நகரமைப்பு ஆய்வாளர் செண்பகவல்லி; ஐம்பதடி டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நான்காவது ஆள் மாசிலாமணி.

மாசிலாமணி குடிநீர் வால்வு திறப்பவர். இந்தப் பக்கம் இருபத்திரண்டு சுற்றுச் சுற்றினால் ஊருக்குத் தண்ணீர் வரும். அந்தப் பக்கம் இருபத்திரண்டு சுற்றுச் சுற்றினால் நிற்கும். முப்பத்தாறு வருடம் இதைச் செய்துவிட்டு, அந்த மார்ச் 31-ஆம் தேதி ஓய்வு பெற இருந்தார். அவருடைய ஓய்வூதியக் காகிதம் அன்று மாலை ஐந்து மணித் தபால் ஜீப்பில் மாவட்டத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த கட்டுக் காகிதங்களோடு சேர்ப்பார்கள். அதில் அவருக்கு முன்னால் 412 பேர். ஒரு வருடம் ஆகும். அதுவரை சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

"ஒரு வருஷத்துக்கு வால்வைத் திருகியா சாப்பிட முடியும்?" என்றாள் அவர் மனைவி வடிவம்மாள். "அந்தக் காகிதத்தைக் கண்ணுல வச்சுப் பார்த்துக்கிட்டே இருங்க."

பார்ப்பதில் கஷ்டம் இல்லை. அலுவலகத்துக்கு நேர் எதிர் வீடுதான் அவர்களுடையது. மரக் கதவில் நீலப் பெயிண்டால் 27 என்று எழுதியிருக்கும்.

மார்ச் 21-ஆம் தேதி மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சாலை ஓரத்திலிருந்து ஐந்தடிக்குள் இருக்கும் அலுவலகங்களையும் கடைகளையும் பாரபட்சம் இல்லாமல் பூட்டி முத்திரை வைக்க வேண்டும், சாலையின் முதல் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டும், 31-க்குள் அறிக்கை வர வேண்டும். வீடுகளுக்கு இந்த ஐந்தடிக் கணக்குக் கிடையாது. வீடு சாலையின் மேலே இல்லாமல் இருந்தால் போதும்.

அந்தச் சாலையின் முதல் கட்டடம் நகராட்சி அலுவலகம். செண்பகவல்லி சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டிலிருந்து சுவர் வரைக்கும் டேப் பிடித்தார். இரண்டடி இருந்தது. மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் இரண்டடிதான் இருந்தது.

"சார், முதல்ல நம்ம ஆபீசைத்தான் பூட்டணும்."

"பூட்டிடுங்க" என்றார் ஆணையர், தலை நிமிராமல்.

"நாம எங்க சார் உக்காருறது?"

"உள்ளதான். வேலை நேரமாச்சே."

குப்புராஜ் எழுந்தார். "உள்ள உக்காந்துக்கிட்டு வெளிய பூட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும் சார். நாப்பத்தொரு பேரும் உள்ள இருக்கோம்."

ஆணையர் பேனாவை மூடி வைத்தார். இது யோசிக்க வேண்டிய விஷயம்.

"சுவரை இடிச்சு மூணடி உள்ள தள்ளிக் கட்டினா?"

"இடிக்கிற கணக்குல காசு இல்ல சார். சாலையைச் செதுக்குறதுக்குக் கொஞ்சம் இருக்கு. மத்தபடி இருக்கிறது பெயிண்ட்தான். பதினோரு டின். முப்பத்தொண்ணுக்குள்ள தீர்க்கலேன்னா அடுத்த வருஷம் பெயிண்டுக்குக் காசே வராது."

ஆணையர் ஜன்னல் வழியாகச் சாலையை நெடுநேரம் பார்த்தார்.

"செண்பகவல்லி, இந்தக் கட்டடம் எந்த வருஷம் கட்டினது?"

"ஐம்பத்திரண்டு சார்."

"அந்தக் கோடு போட்டது?"

"போன வருஷம்."

"அப்ப யாரு யாருக்குக் கிட்ட வந்தது?"

"சாலைதான் சார் கட்டடத்துக்குக் கிட்ட வந்திருக்கு."

"தப்பு பண்ணினவங்கதானே நகரணும்?"

சாலையை மூன்றடி நகர்த்துவது என்று முடிவாயிற்று. பழைய கோட்டை இரண்டு நாள் உளியால் செதுக்கி எடுத்தார்கள். செதுக்குகிற கணக்கில் இருந்த காசு அதோடு தீர்ந்தது. அலுவலகச் சுவரிலிருந்து சரியாக ஐந்தடி தள்ளிப் புதுக் கோடு போட்டார்கள். அலுவலகத்தின் நீளம் நாற்பத்திரண்டடி, கோட்டின் நீளமும் நாற்பத்திரண்டடி. சாலையின் அகலம் இருபதடி என்று சட்டம் இருப்பதால், எதிர்ப்பக்கக் கோட்டையும் அதே மூன்றடி தள்ள வேண்டி வந்தது.

எதிர்ப்பக்கம் மாசிலாமணியின் வீடு.

24-ஆம் தேதி காலை, பெயிண்ட் அடிக்கிறவர் வாசலில் நின்று, "அம்மா, அந்த அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?" என்று பணிவாகக் கேட்டார். வடிவம்மாள் எதற்கோ என்று நகர்த்தினாள். அவர் முன்னறையின் தரையில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், வாசலிலிருந்து மூன்றடி உள்ளே, நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதன் மேல் இன்னொரு பூச்சு. இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று டின் ஆயிற்று. மீதி எட்டு.

அன்றிலிருந்து முன்னறையில் வாசல் பக்கம் மூன்றடி சாலை, மற்றது வீடு.

செண்பகவல்லி கடமை தவறாதவர். 25-ஆம் தேதி ஒரு நாளில் மூன்று நோட்டீஸ் கொடுத்தார். சாலையில் கிரைண்டர் வைத்ததற்கு ஒன்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாசிலாமணி பொதுச் சாலையில் கால் நீட்டிப் படுத்ததற்கு ஒன்று. சாலையின் குறுக்கே சுவர் எழுப்பியதற்கு ஒன்று.

"எந்தச் சுவரு தாயி?" என்றாள் வடிவம்மாள்.

"இதுதான்க்கா, உங்க வீட்டு முன்சுவர்."

"அது எங்க மாமனார் கட்டினது. நாப்பது வருஷமா நிக்குது."

"நாப்பது வருஷமா சாலையை மறிச்சிருக்கீங்கன்னு நான் எழுதலக்கா. ரெண்டு நாளுன்னுதான் எழுதியிருக்கேன். உங்களுக்காகத்தான்."

கிரைண்டரையும் காலையும் உடனே உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சுவரை இழுக்க முடியவில்லை. அந்த நோட்டீஸ் முடியாமல் கிடந்தால் ஓய்வூதியக் காகிதத்தில், நகராட்சியோடு இவருக்கு வம்பு வழக்கு இல்லை என்கிற இடத்தில் கையெழுத்து விழாது. மாசிலாமணி முப்பத்தாறு வருடம் அலுவலகச் சொல்லைத் தட்டாதவர். கதவைப் பத்திரமாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 27-ஆம் தேதி முன்சுவரைத் தம் கையாலேயே இடித்தார். இப்போது வீட்டுக்கு மூன்று சுவர். வடிவம்மாள் ரசம் கொதிக்க விட்டால் அலுவலகத்தில் நாற்பத்தொரு பேருக்கும் தெரிந்தது. ரசத்துக்குப் பெருங்காயம் போதவில்லை என்று குப்புராஜ் ஜன்னல் வழியாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

28-ஆம் தேதி மாசிலாமணி காகிதத்தோடு ஆணையர் முன்னால் நின்றார்.

"ரொம்ப சந்தோஷம்யா. வம்பு வழக்கு இல்ல. கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்தது முகவரி. கதவு எண்?"

"இருபத்தேழு ஐயா."

ஆணையர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அங்க கதவு இல்லையே."

"கழட்டி வச்சிருக்கேன் ஐயா."

"கதவுல எண். கதவு இல்லேன்னா எண் இல்ல. எண் இல்லேன்னா முகவரி இல்ல. முகவரி இல்லாத ஆளுக்கு எப்படிய்யா ஓய்வூதியம் அனுப்புறது? இன்னொண்ணும் இருக்கு பாரு. 'விண்ணப்பதாரர் தம் வீட்டு வாசலில் நேரில் பார்க்கப்பட்டார்' அப்படின்னு ஆய்வாளர் எழுதணும். எந்த வாசல்ல பார்ப்பாங்க?"

மாசிலாமணி வீட்டுக்குப் போய் வடிவம்மாளிடம் சொன்னார்.

"கதவுதானே வேணும்? கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வைங்க. வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

செண்பகவல்லி வந்தார், பார்த்தார், வருத்தப்பட்டார். "அக்கா, பழைய இடத்துல கதவு இருந்தா பழைய கதவு. புது இடத்துல வச்சா அது புதுக் கட்டுமானம். வரைபடம் போட்டு அனுமதி வாங்கணும். முப்பது நாள் ஆகும்."

"பழைய இடத்துல வச்சா?"

"அது சாலைக்கா."

கதவு எப்போதும் தம்மோடு இருந்தால்தான் எங்கே பார்த்தாலும் வாசலில் பார்த்ததாக ஆகும் என்று மாசிலாமணி யோசித்தார். 29-ஆம் தேதியிலிருந்து கதவைக் கயிறு போட்டு முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஆறரை அடி உயரம், நல்ல வேங்கை மரம். குனிந்து வால்வு திறக்கும்போது பின்னால் இருந்து பார்ப்பவர்களுக்குக் கதவு தெரியும், ஆள் தெரியாது.

செண்பகவல்லி 30-ஆம் தேதி அவரைத் தேடிக்கொண்டு கடைவீதிக்கு வந்தார். வால்வுக் குழியருகே 27-ஆம் எண் நின்றது. முறைப்படி கதவைத் தட்டினார்.

யார் என்று பார்க்க மாசிலாமணி திரும்பினார். கதவும் திரும்பியது. செண்பகவல்லி சுற்றி வந்து கதவைத் தட்டினார். மாசிலாமணி மறுபடி திரும்பினார். இப்படி நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் செண்பகவல்லிக்குத் தலை கிறுகிறுத்தது.

"வீட்டுல யாருங்க?" என்று சத்தம் போட்டார்.

"நான்தாம்மா. யாரு?"

"செண்பகவல்லி. கொஞ்சம் கதவைத் திறங்கண்ணே."

கயிற்றை அவிழ்த்து, கதவை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மாசிலாமணி அதன் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "வாங்கம்மா, வாங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"வேண்டாம்ண்ணே, வேலை இருக்கு." வாசலில் நேரில் பார்த்ததாக எழுதப் பேனாவை எடுத்தார். எடுத்த கை நின்றது. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் பாத்திரக் கடை, ஒரு பக்கம் உரக் கடை. "அண்ணே, இது வணிகப் பகுதியாச்சே. இங்க வீடு இருக்கக் கூடாதே." எழுத எடுத்த பேனாவால் நான்காவது நோட்டீசை எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

31-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வடிவம்மாளே சாலையைத் தாண்டி ஆணையர் அறைக்கு வந்தாள். மாசிலாமணி கதவோடு பின்னால் வந்தார். அறைக்குள் கதவு நுழையாததால் அறை வாசலிலேயே பக்கவாட்டில் நின்றார்.

"சார், ஏழு மணி நேரம்தான் இருக்கு. ஊருக்கே தண்ணி விட்ட மனுஷன் முதுகுல வீட்டைச் சுமந்துக்கிட்டுத் திரியுறாரு. ஆமைக்குக்கூட அது பொறப்புலயே வந்தது. உங்களால பெருசா ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுக்குள்ள போட்ட அந்தக் கோட்டை அழிங்க. கோடு இல்லேன்னா சாலை இல்ல. கதவைப் பழைய இடத்துல வச்சுக்கிறோம்."

ஆணையர், குப்புராஜ், செண்பகவல்லி மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளில் இது யாருக்கும் தோன்றவில்லை.

"நியாயம்தான். அழிச்சிடலாம்" என்றார் ஆணையர்.

"செதுக்க காசு இல்ல சார்" என்றார் குப்புராஜ். "பெயிண்ட் அடிக்கத்தான் இருக்கு."

"கோட்டு மேல வேற பெயிண்டை அடிங்க!"

"எட்டு டின்னும் வெள்ளை சார். வெள்ளைக் கோட்டு மேல வெள்ளை அடிச்சா கோடு நல்லாத் தெரியும்."

ஆணையருக்கு நெற்றி வியர்த்தது. மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். திடீரென்று எழுந்தார்.

"கோடு ஏன்யா தெரியுது?"

"வெள்ளையா இருக்கு சார்."

"சாலை?"

"கறுப்பு சார்."

"சாலையும் வெள்ளையா இருந்தா?"

குப்புராஜ் எட்டு டின்னையும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. உடனே வேலை தொடங்கிற்று. முதலில் மாசிலாமணி கட்டிலையும் கதவையும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கோட்டுக்கு உள்ளே வைத்தார். அலுவலகப் பக்கக் கோட்டிலிருந்து ஆரம்பித்து, நாற்பத்திரண்டடி நீளத்துக்கு, ஆணையர், செண்பகவல்லி, மாசிலாமணி மூவரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து அடித்தார்கள். கடைசியில் மாசிலாமணியின் முன்னறைக்குள் இருந்த மூன்றடியையும் கோட்டையும் சேர்த்து அடித்து முடித்தபோது மணி நாலு இருபது. எட்டு டின்னும் தீர்ந்தன. கோடு இருந்த இடம் தெரியவில்லை. சாலை இருந்த இடமும் தெரியவில்லை. பசும்பாலைக் கொட்டியது போல இருந்தது.

செண்பகவல்லி உடனே ஒரு பலகையை மாட்டினார்: ஈரப் பெயிண்ட். மிதித்தால் அபராதம்.

"எங்கய்யா அந்தக் காகிதம்? கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் ஆணையர், கையைத் துடைத்துக்கொண்டு.

காகிதம் அலுவலகத்தில் இருந்தது. முத்திரையும் அங்கேதான் இருந்தது. டின் எண்ணுவதற்காக அங்கேயே நின்றுவிட்ட குப்புராஜ், இரண்டையும் தூக்கிக் காட்டினார். மற்ற மூவரும் இந்தப் பக்கம். நடுவில் இருபதடி ஈரப் பெயிண்ட்.

"அப்படியே அந்தக் கோடி வரைக்கும் போய்ச் சுத்தி வாங்களேன்!" என்றாள் வடிவம்மாள்.

ஆணையர் தலையை ஆட்டினார். "அதோ பாருங்கம்மா, நாமளே வச்ச பலகை. 'சாலையை நேராகக் கடக்கவும்.'"

மணி நாலு முப்பத்தைந்து. தபால் ஜீப் அலுவலகத்தின் பின்பக்கம் வந்து நின்ற சத்தம் கேட்டது. முப்பத்தாறு வருடம் வால்வு திருகிய மாசிலாமணியின் கைகள் காற்றில் தாமாகத் திருகிக்கொண்டிருந்தன.

செண்பகவல்லி டேப்பை எடுத்தார். "சார், அலுவலக பெஞ்சு ஏழடி. இவங்க கட்டில் ஆறடி. கதவு ஆறரை. மொத்தம் பத்தொன்பதரை."

"இன்னும் அரையடி?"

"ஒரு எட்டு வைக்கலாம் சார்."

இந்தப் பக்கத்திலிருந்து கதவைப் படுக்க வைத்துப் பெயிண்டின் மேல் தள்ளினார்கள். அது சறுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றது. பின்னாலேயே கட்டிலைத் தள்ளினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து குப்புராஜ் பெஞ்சைத் தள்ளினார். கட்டில் வழியாக மூன்று பேர் வந்தார்கள், பெஞ்சு வழியாக ஒருவர் வந்தார். நால்வரும் நடுச்சாலையில், 27-ஆம் எண் கதவின் மேல், ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி நாலு நாற்பத்தெட்டு.

"அண்ணே, நீங்க இப்ப உங்க வாசல்லதான் இருக்கீங்களா?" என்றார் செண்பகவல்லி.

மாசிலாமணி குனிந்து காலுக்குக் கீழே பார்த்தார். "ஆமாம்மா. எண் தெரியுது."

"வணிகப் பகுதி இல்ல. கோடு இல்லாததால சாலையும் இல்ல. வரைபடத்துல வீடு, கடைன்னு பிரிச்சுக் காட்டுற எந்த நிறமும் இந்த இடத்துக்கு இல்ல. ஆட்சேபணை இல்ல சார்." விண்ணப்பதாரர் தம் வாசலில் நேரில் பார்க்கப்பட்டார் என்று எழுதினார். மாசிலாமணியின் முதுகில் காகிதத்தை வைத்து ஆணையர் கையெழுத்துப் போட்டார். குப்புராஜ் முத்திரை குத்தினார். முகவரி என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்: கதவு எண் 27, நடுச்சாலை, நாணற்குடி. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது காகிதம் ஜீப்பில் ஏறியது. அதோடு மாவட்டம் கேட்ட அறிக்கையும் போயிற்று. சாலை இல்லாததால் சாலைக்கு அருகில் கட்டடங்கள் எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

மறுநாள் கட்டில் வந்தது. பெஞ்சு வந்தது. கதவு வரவில்லை. நான்கு பேர் ஏறி நின்று அழுத்தியதில் பெயிண்டோடு பெயிண்டாக ஒட்டிப்போயிருந்தது. மாசிலாமணி கடப்பாரையோடு போனார். செண்பகவல்லி ஓடி வந்து தடுத்தார். அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்ட முகவரியைப் பெயர்ப்பது குற்றம்.

அதற்குள் ஊரும் பழகிவிட்டது. சைக்கிளில் வருகிறவர்கள் 27-ஐச் சுற்றிக்கொண்டு போனார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை. குடும்பம் இருக்கிற இடம். ஒருநாள் ஓர் எருமை கதவின் மேல் படுத்திருந்தது. எருமைக்காரர் வந்து, "உங்க வீட்டுல படுத்துடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று மாசிலாமணியிடம் கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 19-ஆம் தேதி மத்தியானம் ஓய்வூதிய ஆணை பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் இருதயம் புது ஆள். உறையில் இருந்த முகவரியை இரண்டு தடவை படித்தார். சைக்கிளை நடுச்சாலையில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவைத் தட்டினார்.

"சார், தபால்!"

பின்னால் டவுன் பஸ் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இருதயம் மறுபடி தட்டினார். மூன்றாவது தடவையும் தட்டினார்.

பத்தடி தள்ளி, மூன்று சுவர் வீட்டில் மாசிலாமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடிவம்மாள் ரசக் கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"எவ்வளவு நேரம் தட்டுவீங்க? அவரு வீட்டுல இல்ல. இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்காரு!"

இருதயம் மாசிலாமணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கதவின் ஓரமாக நகர்ந்து, பஸ்ஸில் இருந்தவர்களையும் அமைதியாக இருக்கும்படி கையைக் காட்டிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அவசரம் இல்லம்மா, மெதுவாச் சாப்பிடட்டும். வீட்டுக்கு வந்ததும் கொடுத்துட்டுப் போறேன்."